ஓய்வு நேரம் இல்லாத எழுத்தாளர்: ஊர்சுலா லெ குவின்

க.பொ.த. (சாதாரண தரம்) – தமிழ் மொழியும் இலக்கியமும்
கட்டுரைப் பகுதி: ஆளுமை ஒருவர் பற்றி எழுதுதல்

இப்பாடத்தில் நீங்கள் கற்கவிருப்பவை:
• ஓர் எழுத்தாளரின் வாழ்வையும் எழுத்துப் பழக்கங்களையும் இணைத்து விளங்கிக்கொள்ளல்
• அறிந்த விடயங்களிலிருந்து ஒரு மையக் கருத்தைத் தெரிவுசெய்தல்
• அக்கருத்தைப் பொதுவான கட்டுரைத் தலைப்பு ஒன்றிற்குப் பயன்படுத்தல்

1. அறிமுகம்



"ஓய்வு நேரத்தைப் பயனுள்ள வகையில் கழித்தல்" என்ற கட்டுரைத் தலைப்பு உங்களுக்குப் புதியதன்று. கீழ்வகுப்புகளிலிருந்தே அதனை எழுதி வருகிறீர்கள். நூல் வாசித்தல், தோட்டம் செய்தல், முத்திரை சேகரித்தல், விளையாடுதல் என்று நான்கு பந்திகள் எழுதி, முடிவுரையில் "காலம் பொன் போன்றது" என்று நிறுத்துவீர்கள். கற்பிக்கத் தொடங்கிய முதல் வருடங்களில் நானும் அப்படியே எழுதப் பழக்கினேன். ஒரு தவணையில் முப்பது கொப்பிகளைத் திருத்தினேன். முப்பதிலும் ஒரே முடிவுரை இருந்தது. பிழை மாணவர்களுடையதன்று, என்னுடையது என்பது அன்றுதான் விளங்கியது.

இதே தலைப்பு எண்பது வயதான ஒரு பெண்ணிடம் வினாவாகவே வந்து சேர்ந்தது. 1951ஆம் ஆண்டு பட்டம் பெற்றவர்களின் அறுபதாம் ஆண்டு ஒன்றுகூடலுக்காக, அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகம் ஒரு வினாக்கொத்து அனுப்பியிருந்தது. ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பது அதிலிருந்த ஒரு வினா. கொல்ஃப், கடைக்குப் போதல், தொலைக்காட்சி என்று தெரிவுகள் நீண்டன. ஓவியம், புகைப்படம் ஆகியவற்றோடு "எழுதுதல்" என்பதும் அப்பட்டியலில் ஒரு பொழுதுபோக்காக இருந்தது.

வினாவைப் பெற்றவர் ஊர்சுலா லெ குவின். அரை நூற்றாண்டு காலம் எழுத்தையே தொழிலாகக் கொண்டிருந்தவர். அவர் கூடுகளில் அடையாளமிடுவதற்கு முன் வினாவையே வினவினார். உத்தியோகம் பார்ப்பவருக்கு வேலை போக எஞ்சுவது ஓய்வு நேரம். ஓய்வுபெற்றவருக்கு எல்லா நேரமும் ஓய்வு நேரம் என்றால், அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன? இவ்வாறு சிந்தித்து 2010 ஒக்டோபரில் ஒரு குறுங்கட்டுரை எழுதினார். தமக்கு மிஞ்சிக் கிடக்கும் நேரம் என்று ஒன்றுமே இல்லை என்பது அவரது முடிவு. அந்த முடிவுக்கு அவர் வந்த பாதையை இப்பாடத்தில் பார்ப்போம்.

2. வாழ்க்கைக் குறிப்பு

1929 – ஒக்டோபர் 21இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பேர்க்லியில் பிறப்பு. தந்தை மானிடவியல் அறிஞர் அல்பிரட் குறோபர். தாய் எழுத்தாளர் தியடோரா குறோபர்.
1951 – ரட்கிளிஃப் கல்லூரியில் பட்டம். அடுத்த ஆண்டு கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டம்.
1953 – பிரான்சுக்குக் கப்பலில் செல்கையில் வரலாற்று மாணவரான சார்ள்ஸ் லெ குவினைச் சந்தித்தார். அவ்வாண்டு டிசெம்பரில் பாரிசில் திருமணம்.
1950களின் இறுதி – ஒரேகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் குடியேற்றம். கணவர் அங்கு வரலாறு கற்பித்தார். 1957, 1959, 1964 ஆகிய ஆண்டுகளில் மூன்று பிள்ளைகள் பிறந்தனர்.
1968 – "ஏர்த்சீ" வரிசையின் முதல் நாவல்.
2008 – இறுதி நாவலான "லவினியா".
2014 – அமெரிக்க இலக்கியத்துக்கு ஆற்றிய பணிக்காகத் தேசிய நூல் மன்றத்தின் பதக்கம்.
2018 – ஜனவரி 22இல் போர்ட்லண்டில் தமது 88ஆவது வயதில் மறைவு.

கவனிக்க: இவர் எழுதியவற்றுள் பெரும்புகழ் பெற்றவை அதிகற்பனை நாவல்களும் அறிவியற் புனைகதைகளுமாகும். அதிகற்பனை நாவல் என்பது நாம் வாழும் உலகில் நிகழ முடியாதவற்றை, அவை நிகழக்கூடிய வேறோர் உலகைப் படைத்து அதில் நடத்திக்காட்டும் நாவல் ஆகும். அந்த உலகத்துக்கும் விதிகள் உண்டு. ஆசிரியர் தாமே வகுத்த விதியைத் தாமே மீறினால் வாசகர் கதையை நம்பமாட்டார்.

3. இருபது வருடக் காத்திருப்பு

குறோபர் வீட்டில் கதைக்குப் பஞ்சமில்லை. தந்தை, தாம் ஆய்வு செய்த பூர்வீகக் குடிகளிடமிருந்து கேட்டறிந்த கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்வார். மூன்று மூத்த சகோதரர்களுடன் வளர்ந்த ஊர்சுலா, பதினொரு வயதில் தமது கதையொன்றை ஓர் அறிவியற் புனைகதைச் சஞ்சிகைக்கு அனுப்பினார். அது திரும்பி வந்தது.

பட்டம் பெற்ற பின்னர், 1951 முதல் 1961 வரையான காலத்தில் ஐந்து நாவல்களை எழுதினார். வெளியீட்டாளர்கள் எவரும் ஏற்கவில்லை. அவரது சிறுகதை ஒன்று முதன்முதலாக அச்சேறியது 1961இல். எழுத்துக்குப் பணம் பெற்ற முதற் சிறுகதை 1962இல் வெளிவந்தது. முதல் நிராகரிப்புக்கும் முதல் அச்சுக்கும் இடையில் ஏறத்தாழ இருபது வருடங்கள் உள்ளன.

அதன் பின்னும் நிராகரிப்பு நிற்கவில்லை. "இருளின் இடக்கை" என்று பொருள்படும் தலைப்புடைய நாவலை, விவரங்கள் மிகுந்து வாசிக்க முடியாதபடி இருப்பதாகக் கூறி 1968இல் ஒரு பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பினார். 1969இல் வேறு இடத்தில் வெளிவந்த அந்நாவல், அறிவியற் புனைகதைக்கான ஹியூகோ, நெபியுலா ஆகிய இரு பெரும் விருதுகளையும் வென்றது. பிற்காலத்தில் அந்த நிராகரிப்புக் கடிதத்தை லெ குவின் தாமே வெளியிட்டார். திருப்பி அனுப்பப்பட்ட கையெழுத்துப் பிரதியோடு வீட்டில் இருக்கும் இளம் எழுத்தாளருக்கு அது பெரும் ஆறுதல்.

இவரது தாயின் வாழ்வும் குறிப்பிடத்தக்கது. தியடோரா குறோபர் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பின்னரே எழுதத் தொடங்கினார். தமது இனத்தின் கடைசி மனிதராக எஞ்சிய இஷி என்பவரைப் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது 1961இல். அப்போது அவருக்கு வயது 64. எழுத்துக்கு வயதெல்லை இல்லை என்பதை மகள் தமது வீட்டிலேயே கண்டார்.

4. இரண்டு நேரசூசிகள்

லெ குவினின் நேரசூசி என்று பலரும் எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. ஒரு நேர்காணலில் தமது இலட்சிய நாள் எவ்வாறு அமையும் என அவர் விவரித்ததன் சுருக்கம் இது:

காலை 5.30 – விழித்து, படுத்தபடியே சிந்தித்தல்
காலை 6.15 – எழுந்து நன்றாகச் சாப்பிடுதல்
காலை 7.15 முதல் நண்பகல் வரை – எழுதுதல்
பிற்பகல் 1.00 முதல் 3.00 வரை – வாசிப்பு, இசை
பிற்பகல் 3.00 முதல் 5.00 வரை – கடிதங்கள், சிலவேளை வீட்டைத் துப்புரவாக்கல்
மாலை 5.00 முதல் இரவு 8.00 வரை – சமையலும் இரவு உணவும்
இரவு 8.00 மணிக்குப் பின் – மூளை வேலை செய்யாது என்று தம்மையே கேலி செய்கிறார்

இதனைப் பிரதிசெய்து சுவரில் ஒட்டிவைக்கும் மாணவர்கள் உண்டு. ஒட்டுவதற்கு முன் ஒரு கணக்குச் செய்து பாருங்கள். முதல் ஏர்த்சீ நாவல் வெளிவந்த 1968இல் அவரது மூத்த பிள்ளைக்கு 11 வயது, இரண்டாவது பிள்ளைக்கு 9, கடைக்குட்டிக்கு 4. அந்த வீட்டில் காலை 7.15க்கு யார் அமைதியாக இருந்து எழுத முடியும்? பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த காலத்தில், அவர்கள் உறங்கிய பின் இரவில்தான் அவர் எழுதினார். பிற்காலத்தில் தமது மூளை ஓய்ந்துவிடும் என்று அவர் சொன்ன அதே இரவு வேளையில் அந்த நாட்களின் எழுத்து வேலை நடந்தது.

ஆகவே அவரிடம் இரண்டு நேரசூசிகள் இருந்தன. ஒன்று கிடைத்த நேரத்தில் எழுதியது. மற்றையது, பிள்ளைகள் வளர்ந்த பின், விரும்பிய நேரத்தில் எழுதியது. பெயர் வாங்கித் தந்த நூல்கள் பலவும் முதலாவதில் பிறந்தவை. நல்ல நேரம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

இங்கே இன்னொரு விடயமும் உண்டு. அந்த இரவு நேரம் அவருக்கு எப்படிக் கிடைத்தது? கணவர் சார்ள்ஸ் பிள்ளை வளர்ப்பிலும் வீட்டு வேலையிலும் பங்கெடுத்தார். ஒருவரால் இரண்டு முழுநேர வேலைகளைச் செய்ய முடியாது, ஆனால் வேலையை நேர்மையாகப் பங்கிட்டுக்கொண்டால் இருவரால் மூன்று முழுநேர வேலைகளைச் செய்ய முடியும் என்பது லெ குவினின் கருத்து. கற்பித்தல் ஒன்று, எழுத்து ஒன்று, குடும்பம் ஒன்று. இந்த மூன்றாவதையும் "வேலை" என்றே அவர் கணக்கிட்டதைக் கவனியுங்கள்.

5. ஏர்த்சீ உருவான விதம்

பேர்க்லியிலிருந்த ஒரு சிறிய பதிப்பகம், வளரிளம் பருவத்தினருக்கு ஒரு நூல் எழுதித் தருமாறு கேட்டதிலிருந்து ஏர்த்சீ தொடங்கியது. கதைகளில் வரும் மந்திரவாதிகள் பெரும்பாலும் நரைத்த தாடிக் கிழவர்கள். அவர்கள் இளைஞராக இருந்தபோது என்ன செய்தார்கள், மந்திரத்தை எங்கே படித்தார்கள் என்று லெ குவின் யோசித்தார். ஒரு சின்னக் கேள்விதான். ஆறு நூல்கள் கொண்ட வரிசை அதிலிருந்து விளைந்தது.

எழுதத் தொடங்கியபோது அவர் செய்தவை மூன்று:

(அ) வரைபடம். கடலும் தீவுகளும் நிறைந்த ஓர் உலகைத் தாளில் வரைந்தார். சிறிய தீவுகள் மூன்றுக்குத் தமது பிள்ளைகளின் செல்லப்பெயர்களைச் சூட்டினார். பாத்திரங்கள் எங்கிருந்து எங்கே பயணம் செய்கின்றன என்பதை அந்தப் படமே அவருக்குச் சொன்னது.

(ஆ) பெயர். சரியான பெயர் அகப்படும்வரை ஒரு பாத்திரத்தைப் பற்றி அவரால் எழுத முடியாது. நாவலின் உட்பொருளும் இதுவே. ஏர்த்சீயில் ஒவ்வொரு பொருளுக்கும் உயிருக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதனை அறிந்தவருக்கே மந்திரம் பலிக்கும். கதைத்தலைவன் கெட், ஆடு மேய்த்த சிறுவன். செருக்கினால் ஒரு நிழலை உலகில் அவிழ்த்துவிட்டு, அதற்கு அஞ்சி ஓடுகிறான். ஈற்றில் துணிந்து திரும்பி, அந்த நிழலைத் தன் சொந்தப் பெயராலேயே அழைக்கும்போது விடுதலை பெறுகிறான்.

(இ) பொறுமை. தாம் ஓர் உலகைத் திட்டமிட்டுக் கட்டவில்லை, அங்கே சென்று கண்டறிந்ததாகவே அவர் கூறினார். தெரியாத தீவுகளைக் கதை அங்கு செல்லும்வரை தெரியாதனவாகவே விட்டுவைத்தார்.

கெட் செம்பழுப்பு நிறத்தவன். ஏர்த்சீ மக்களில் பெரும்பாலோர் கருமையோ பழுப்போ ஆன தோல் உடையவர்கள். அக்காலத்து அதிகற்பனைக் கதைகளின் வீரர்கள் வெள்ளையராகவே இருந்ததால், லெ குவின் இதனைத் தெரிந்தே செய்தார். ஆனால் பல பதிப்புகளின் அட்டைகளில் கெட்டை வெள்ளையனாக வரைந்தார்கள். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரும் அவ்வாறே செய்தபோது அவர் பகிரங்கமாகக் கண்டித்தார். சொல்லில் கவனமாக இருந்தவர், சொல்லை மாற்றிக் காட்டுவதைப் பொறுக்கவில்லை.

6. தம்மைத் தாமே திருத்துதல்

எழுதி அச்சிட்ட பின்னும் லெ குவின் தமது நூலைத் திரும்பப் பார்ப்பவர். இதற்கு இரு சான்றுகள்:

முதலாவது: முதல் மூன்று ஏர்த்சீ நாவல்கள் 1968, 1971, 1972ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அவற்றில் உயர்ந்த மந்திரக் கல்வி ஆண்களுக்கே உரியது. இது ஏன் என்ற கேள்வி அவரையே உறுத்தியது. 18 வருடங்களின் பின், 1990இல், "தெஹானு" என்ற நான்காவது நாவலை எழுதினார். அதே உலகம்தான். ஆனால் இம்முறை நடுத்தர வயதுப் பெண் ஒருத்தியின் பார்வையில், அடுப்பும் ஆடும் காயப்பட்ட குழந்தையும் உள்ள ஒரு வீட்டிலிருந்து அது காட்டப்படுகிறது.

இரண்டாவது: "இருளின் இடக்கை" நாவலில் ஆண், பெண் என்ற நிலையான பிரிவு இல்லாத மனிதர்களைக் குறிக்க "அவன்" என்ற சொல்லையே பயன்படுத்தியிருந்தார். அதனை நியாயப்படுத்தி 1976இல் ஒரு கட்டுரை எழுதினார். சுமார் பத்து வருடங்களின் பின் தமது கருத்து மாறியபோது, பழைய கட்டுரையை அழிக்காமல், அதனோடு புதிய மறுப்புகளையும் சேர்த்து அச்சிட்டார். தாம் எங்கே பிழைவிட்டார் என்பதை வாசகர் காணட்டும் என்று விட்டார்.

சிவப்பு மை கண்டால் கொப்பியை மூடிவைக்கும் மாணவர்கள் இந்த இரண்டாவது சான்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. அவர் தந்த பயிற்சிகள்

லெ குவின் எழுத்துப் பட்டறைகளில் நெடுங்காலம் கற்பித்தார். அவ்வனுபவத்தைக் கொண்டு எழுத்துக்கலை பற்றிய கைந்நூல் ஒன்றை 1998இல் வெளியிட்டு, 2015இல் திருத்தியும் எழுதினார். அதிலுள்ள பயிற்சிகளில் மூன்றை நமது வகுப்பிற்கேற்பத் தருகிறேன்:

• எழுதியதை உரத்து வாசியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் வசனமும் இடறுகிறது.
• பெயரடை, வினையடை எதுவும் இல்லாமல் ஒரு பக்கம் எழுதுங்கள். "மிகவும் அழகான", "வேகமாக" போன்றவை நீங்கினால், வினைச்சொல்லே பாரத்தைச் சுமக்க வேண்டிவரும்.
• எழுதி முடித்த ஒரு நீண்ட பகுதியைச் சரிபாதியாகக் குறையுங்கள். பொருள் குறையக் கூடாது.

மூன்றாவது பயிற்சி, நீங்கள் அஞ்சும் "சுருக்கம் எழுதுதல்" வினாவுக்கு நேரடியாக உதவும். பிறரது பந்தியைச் சுருக்குவதிலும் தமது பந்தியைச் சுருக்குவது கடினம். கடினமானதில் பழகியவருக்கு மற்றையது இலகு.

8. ஓய்வு

எழுபது வயதைக் கடந்த பின் லெ குவின் இலத்தீன் மொழியை மீண்டும் கையிலெடுத்து, பண்டைய உரோமப் புலவர் வேர்ஜிலின் காவியத்தை மூலமொழியில் வாசித்தார். அக்காவியத்தில் லவினியா என்ற அரசகுமாரிக்காக ஒரு போரே நடக்கிறது. ஆயினும் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அவளைப் பேசவைத்து லெ குவின் எழுதிய நாவலே 2008இல் வெளிவந்த "லவினியா".

அதற்குப் பின் அவர் நாவல் எழுதவில்லை. நாவலுக்கு மாதக்கணக்கான, வருடக்கணக்கான உடல்வலு வேண்டும். அந்த வலு தம்மிடம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. நோபல் பரிசு பெற்ற போர்த்துக்கேய எழுத்தாளர் ஜோசே சரமாகோ, எண்பது வயதைக் கடந்த பின் எழுதிய சிறு குறிப்புகளை வாசித்தபோது, இந்த அளவு தமக்கும் இயலும் என்று கண்டார். முதுமை, காலை உணவு, வளர்த்த பூனை, நாட்டு நடப்பு என்று குறுங்கட்டுரைகளாக எழுதினார். அவற்றின் தொகுதி 2017இல் நூலாகி, அடுத்த ஆண்டு ஹியூகோ விருது பெற்றது. கவிதையையும் அவர் விடவில்லை. இறுதிக் கவிதைத் தொகுதியை மறைவுக்குச் சற்று முன்னர் நிறைவுசெய்தார்.

நாவலாசிரியர் ஓய்வு பெற்றார், எழுத்தாளர் ஓய்வு பெறவில்லை. உடலின் அளவுக்கு ஏற்ப எழுத்தின் வடிவம் சிறுத்தது. வேலை நிற்கவில்லை. எண்பது வயதில் அந்த வினாக்கொத்தைப் பார்த்து, தமக்கு மிஞ்சிய நேரம் இல்லை என்று அவர் சொன்னதன் பொருள் இதுதான். சிந்திப்பதும் சமைப்பதும் பூனையோடு இருப்பதும் எழுதுவதும் எல்லாம் வாழ்கின்ற நேரமே. அதில் "மிச்சம்" என்று ஒதுக்க எதுவுமில்லை.

9. கட்டுரையில் பயன்படுத்தும் முறை

ஓய்வு நேரம் பற்றிய தலைப்புக்கு எழுதப்பட்ட இரு பந்திகளை ஒப்பிடுக. (பயிற்சிக்காக அமைக்கப்பட்டவை.)

பந்தி அ:
"காலம் பொன் போன்றது. எனவே ஓய்வு நேரத்தை வீணாக்கக் கூடாது. நல்ல நூல்களை வாசிக்க வேண்டும். பெரிய எழுத்தாளர்கள் ஓய்வு நேரத்தில் எழுதியே புகழ்பெற்றனர்."

பந்தி ஆ:
"எங்கள் வீட்டில் மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை மேசை எனக்குரியது. இந்த இரண்டு மணித்தியாலமும் தானாகக் கிடைத்ததன்று. வேலையால் வந்த அம்மா உடனே சமையலுக்குப் போவதால் கிடைத்தது. தம்பியைப் பார்க்கும் பொறுப்பை அக்கா எடுத்ததால் கிடைத்தது. இருவர் வேலையை நேர்மையாகப் பங்கிட்டால் மூன்று வேலைகளைச் செய்யலாம் என்று எழுத்தாளர் லெ குவின் கருதினார். எங்கள் வீட்டில் மூவர் நான்கு வேலைகள் செய்கிறோம். நான்காவது வேலை எனது படிப்பு."

பந்தி அ-வில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அதில் எவருமே இல்லை. அத்துடன் கடைசி வசனம் உண்மைக்கு மாறானது. பந்தி ஆ-வில் ஒரு வீடு, ஒரு மேசை, மூன்று மனிதர் உள்ளனர். எழுத்தாளரின் கருத்து அலங்காரத்துக்காக வரவில்லை. மாணவரின் வீட்டை விளக்குவதற்காக வந்துள்ளது. மேற்கோள் ஒன்றைக் கையாளும் முறை இதுவே.

10. மாதிரி வினாவும் விடையும்

வினா: "நல்ல நேரம் வரும்வரை காத்திருப்பவர் எழுதுவதில்லை." லெ குவினின் வாழ்வைக் கொண்டு விளக்குக.

விடை: லெ குவின் 1950களில் எழுதிய ஐந்து நாவல்கள் நிராகரிக்கப்பட்டபோதும் எழுதுவதை நிறுத்தவில்லை. மூன்று பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த காலத்தில், கணவருடன் வேலையைப் பங்கிட்டு, இரவில் எழுதினார். 1968இல் வெளிவந்த முதல் ஏர்த்சீ நாவல் அக்காலத்துப் படைப்பாகும். முதுமையில் நாவலுக்குரிய வலு குறைந்தபோது குறுங்கட்டுரைகளும் கவிதைகளும் எழுதினார். ஒவ்வொரு பருவத்திலும் இருந்த நேரத்துக்கும் வலுவுக்கும் ஏற்ப எழுதியதாலேயே அவரது எழுத்து வாழ்வு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

11. பயிற்சி

(1) அதிகற்பனை நாவல் என்றால் என்ன? ஓர் உதாரணத்துடன் விளக்குக.
(2) லெ குவினின் "இரண்டு நேரசூசிகள்" எவை? அவற்றுக்கிடையிலான வேறுபாடு யாது?
(3) "தம்மைத் தாமே திருத்துதல்" என்பதற்கு இரு சான்றுகள் தருக.
(4) பகுதி 8ஐ மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதுக.
(5) உங்கள் வீட்டில் நீங்கள் படிக்கும் நேரம் எவரெவர் உழைப்பினால் கிடைக்கிறது? பெயரடை, வினையடை இன்றி ஒரு பந்தி எழுதுக.

ஐந்தாவது வினாவை எழுதி முடித்ததும் உரத்து வாசித்துப் பாருங்கள். பந்தியில் நீங்கள் குறிப்பிட்டவர் அருகில் இருந்தால், அவருக்குக் கேட்கும்படியாகவே வாசியுங்கள்.